டர்போ கார்களுக்கு ‘15 விழுக்காடு எண்ணெய் மிச்சம்’: பினாங்கில் நடக்கும் ஏமாற்று வேலை குறித்து எச்சரிக்கை

செபராங் பிறையில் உள்ள ஒரு கார்ப் பட்டறை, இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ பொருத்திய காரின் பெட்ரோல் செலவை 15 விழுக்காடு குறைத்துத் தருவதாக உறுதி கூறி என்னிடம் 1,800 ரிங்கிட் பெற்றுக்கொண்டு, இயந்திரத்தில் எதையுமே தொடாமல், டேஷ்போர்டில் தெரியும் எண்ணை மட்டும் குறைத்து அனுப்பியிருக்கிறது. இதே வேலையை இன்னும் பலரிடம் காட்டக்கூடும் என்பதால், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை விளக்கமாக எழுதுகிறேன்.

என்னுடையது ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, 2.0 லிட்டர் டர்போ. பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாசுக்கு, பினாங்குப் பாலத்தின் காலை நெரிசலில் வேலைக்குப் போய்வரும் கார். சில மாதங்களாக 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் வரை குடிக்கத் தொடங்கியிருந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் மலேசிய அரசின் புடி95 பெட்ரோல் மானியத் திட்டம் வந்து, மாதம் 300 லிட்டர் வரை லிட்டர் 1.99 ரிங்கிட் என்று வரம்பு வைக்கப்பட்ட பிறகு, எண்ணெயை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களும் கண்ணில் அதிகமாகப் படுகின்றன. அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

“தம்பி, ஈசியூவுல கலவையைக் கொஞ்சம் லீன் பண்ணிட்டா போதும். பவரும் குறையாது, எண்ணெயும் மிச்சம்” என்றார் பட்டறைக்காரர். ஈசியூ என்பது இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினி; லீன் என்றால் கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைப்பது. கூடவே, ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஸ்கேனர் மாட்டுவதற்காக உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு சிறு பெட்டியைச் செருகினார். பிறகு மீட்டரின் சராசரியை அழித்துவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். எண் கிடுகிடுவென்று இறங்கியது. நெரிசலில் சேர்ந்த பழைய சராசரியோடு, சீரான வேகத்தில் எடுத்த புதிய சராசரியை ஒப்பிட்டால், எந்தக் காரிலும் எந்த மாற்றமும் செய்யாமலேயே எண் இறங்கத்தான் செய்யும்.

வேலைக்குப் போய்வந்தபோதும் மீட்டர் 9.4 லிட்டர்தான் காட்டியது. ஆனால் பெட்ரோல் நிலையத்தில் கணக்கு ஒத்துவரவில்லை. எப்போதும் ஒரே பம்பில், குழாய் முதல் முறை தானாக நிற்கும்வரை நிரப்பி, ரசீதில் உள்ள லிட்டரை ஓடோமீட்டர் தூரத்தோடு வகுத்துப் பார்ப்பது என் பழக்கம். அந்தக் கணக்கு பழையபடி 11 லிட்டரிலேயே நின்றது.

ஜார்ஜ் டவுனில் ஃபோக்ஸ்வேகன் கார்களை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் காரின் கணினிகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, மீட்டர் தொகுதியின் அமைப்புகளுக்குள் போய் ஒரு வரியைக் காட்டினார். இவ்வகைக் கார்களில் எரிபொருள் செலவுக் காட்சியைத் திருத்துவதற்கென்றே 85 முதல் 115 விழுக்காடு வரை மாற்றக்கூடிய ஓர் அமைப்பு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 100 என்று இருக்கும் அது, என் காரில் 85 ஆக மாற்றப்பட்டிருந்தது. பதினொன்றை 0.85ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 9.4 வருகிறது. விளம்பரம் 20 என்றோ 25 என்றோ சொல்லாமல் சரியாக 15 என்று ஏன் சொன்னது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த எண்ணை 85க்குக் கீழே இறக்க முடியாது. ஈசியூவின் மென்பொருள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற பதிவில் புதிதாக எதுவும் ஏறவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தோம். மின்சாரம் வரும் கால்களில் மட்டும் இணைப்பு இருந்தது. காரோடு தகவல் பேசும் கால்கள் எதனோடும் சேரவில்லை. உள்ளே இருந்தது மினுக்கும் ஒரு சிறு விளக்கு மட்டுமே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோன்ற நூற்றுக்கும் மேற்பட்ட எரிபொருள் சேமிப்புக் கருவிகளை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க சேமிப்பைத் தரும் ஒன்றைக்கூடக் காணவில்லை என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பட்டறைக்காரர் சொன்னபடி கலவையை உண்மையிலேயே மாற்றியிருந்தால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும். சீரான வேகத்தில் ஓடும்போது ஆக்சிஜன் சென்சாரின் துணையோடு ஈசியூ ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கிறது. அங்கே மிச்சப்படுத்தப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதித்து டர்போ அழுத்தம் ஏறும்போது கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோல், எரியறையின் சூட்டைத் தணித்து, டர்போவையும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் காப்பதற்காக விடப்படுவது. அதைக் குறைத்தால் கலவை முறைதவறித் தானாக வெடிக்கும் நாக்கிங் தொடங்கும், பிஸ்டன் விரிசல் காணும், சில வேளைகளில் உருகியும் போகும். நம் ஊர் வெயிலில், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி நிற்கும்போது இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது.

என் கார் அதிகமாகக் குடித்ததற்கான காரணத்தை அந்த மெக்கானிக் கையாலேயே கண்டுபிடித்தார். பாலத்தைக் கடந்து வந்து நிறுத்திய காரின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனார். பின்பக்க இடது ரிம்மிலிருந்து மட்டும் அனல் அடித்தது. வயதான காரில், பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரின் ஊசி துருப்பிடித்து இறுகி, பிரேக் எந்நேரமும் பாதி பிடித்தபடியே இருந்திருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் இட்டு, பிரேக் தட்டுகளை மாற்றி, கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுப்படி டயருக்குக் காற்றடித்த பிறகு, பம்புக் கணக்கிலேயே செலவு பத்து லிட்டருக்குக் கீழே வந்துவிட்டது.

டர்போ காரின் செலவு கூடினால், முதலில் பிரேக், டயர் காற்று, சக்கர அலைன்மென்ட், ஸ்பார்க் பிளக், டர்போ குழாய்களில் காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது மென்பொருளை மாற்றியதாகச் சொன்னால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனர் பதிவைக் கேளுங்கள். தர மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மீட்டரை வைத்துக் காட்டப்படும் எந்த நிரூபணத்தையும் ஏற்க வேண்டாம்.

நான் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிந்திருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே வைக்கலாம். கட்டணம் ஐந்து ரிங்கிட். சிக்கல் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். நடுவர் மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும். பட்டறை தந்த ரசீது, விளம்பரத்தின் படம், பெட்ரோல் ரசீதுகள், ஸ்கேனரில் 85 என்று தெரியும் திரையின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். விசாரணை நாள் இன்னும் வரவில்லை, அதனால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள், அந்த எண்ணை 100க்குத் திருப்புவதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிவிட்டால் மாற்றப்பட்டதற்கான சான்று போய்விடும்.