டிவி வாங்க மலை எறங்கறவங்க இத படிச்சுட்டு போங்க, எனக்கு 64,500 ரூபா போச்சு

இன்னிக்கு காலையில நான் டிவி வாங்குன ஷோரூம் மேனேஜர் போன்ல என்கிட்ட கேட்டது இதுதான்: "மேடம், டிவி ஓடுதா ஓடலையா? ஓடுதில்ல? அப்பறம் எதுக்கு தினமும் போன் பண்றீங்க?" போன வெச்சதுக்கு அப்பறமும் கை நடுக்கம் நிக்கலைங்க. ஆறிப்போறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நாங்க கோத்தகிரி பக்கம். கடை பேரு சொல்லல, வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்டுக்காரர் பயப்படறார். கீழ இருக்கற, எல்லா பிராண்டும் விக்கற ஒரு பெரிய ஏசி ஷோரூம், அவ்வளவுதான். ஐப்பசி மழையில மின்னல் அடிச்சு எங்க பழைய 32 இன்ச் டிவி போச்சு. அம்மாவுக்கு சீரியல் இல்லாம பொழுது போகாது. அம்மாவோட முக்கா ஏக்கர் தேயிலைக்காசுல சேத்து வெச்சதும் என்னோட சீட்டுப்பணமும் போட்டு 55 இன்ச் வாங்கலாம்னு முடிவு பண்ணோம்.

பச்சைத்தேயிலைக்கு கிலோ 33.50 கேட்டு 2023ல உண்ணாவிரதம் உக்காந்த ஊருங்க இது. கிலோ 20 ரூபான்னு வெச்சா 64,500 ரூபாய்க்கு 3,225 கிலோ இலை பறிக்கணும். நேத்து ராத்திரி தூக்கம் வராம கால்குலேட்டர்ல போட்டு பாத்தேன். பாத்திருக்கவே கூடாது.

சரி, விஷயத்துக்கு வரேன். போறப்ப எங்க மனசுல இருந்தது 31,500 ரூபா டிவிதான். 4கே, சாதா எல்இடி, 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 தடவ படம் மாறும். கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கற பையன்தான் போன்ல, "வாங்கறது வாங்கறீங்க, 120 ஹெர்ட்ஸா வாங்கிடுங்கம்மா, லீவுக்கு வந்தா கேம் ஆடலாம், மேட்சும் நல்லாருக்கும்"னு ஒரு வார்த்த போட்டு வெச்சான். நான் அதயும் கேட்டுட்டு வாங்க வேண்டாம்னுதான் நெனச்சேன், ரெட்டிப்பு வெல.

உள்ள போனதும் ஒரு தம்பி வந்தான், 25 வயசு இருக்கும். நான் யார்கிட்டயும் சட்டுனு பேசற ஆள் கிடையாது. எங்க அம்மா மலை எறங்கனதுல தல சுத்தி நின்னுட்டு இருந்தாங்க. அவன் டிவி பத்தி ஒரு வார்த்த பேசல, மொதல்ல ஒரு சேர் தூக்கிட்டு வந்து போட்டான், தண்ணி குடுத்தான், எந்த ஊருன்னு கேட்டான், சொன்னதும், "அட, நானும் குன்னூர் பக்கம்தான்க்கா, எங்கம்மாவும் இலை பறிக்கறவங்கதான்"னு சொல்லி எங்க அம்மா கைய புடிச்சு விரல பாத்தான். இலை பறிச்சு பறிச்சு கருத்துப்போன விரல். "எங்கம்மா கையும் இப்படித்தான் பாட்டி"ன்னான். அங்க விழுந்தேன் நான். அதுக்கு மேல அவன் என்ன சொல்லியிருந்தாலும் தலய ஆட்டியிருப்பேன், இப்ப யோசிச்சா அவன் உண்மையிலயே குன்னூரான்னே தெரியல.

ரெண்டு டிவியும் பக்கத்து பக்கத்துல ஓடுச்சு. 31,500 டிவியில கேபிள் நியூஸ், கீழ எழுத்து ஓடுது, மங்கலா இருந்துச்சு. 64,500 டிவியில மயில், பூ, கரண்டியில இருந்து தேன் ஒழுகறது. "அந்த தேன பாரு கண்ணு, நக்கலாம் போல இருக்கு"ன்னாங்க அம்மா. அதுல ஓடுனது பென்டிரைவ்ல போட்டு வெச்ச 4கே டெமோ, போதாததுக்கு வெளிச்சத்த முழுசா ஏத்திவிடற ஸ்டோர் மோட் வேற. இதுல ஒண்ணு கூட அன்னிக்கு எனக்கு தெரியாது. ரெண்டுலயும் ஒரே படத்த போடுப்பான்னு கேக்க தோணவே இல்ல.

"அக்கா இதுல பின்னாடி இருக்கற லைட்டு பகுதி பகுதியா அணையும், அதான் கருப்பு கருப்பாவே தெரியும், 120 ஹெர்ட்ஸ், ஒயர் சொருகற போர்ட்டு எச்டிஎம்ஐ 2.1, தம்பி கேம் ஆட தோதா இருக்கும், எங்கம்மாவுக்கு வாங்குனா இதத்தான் வாங்குவேன்"னு சொல்லி ஒரு நோட்டீஸ் பின்னாடி பேனாவுல 120ன்னு எழுதி வட்டம் போட்டு குடுத்தான். அந்த பேப்பர் இன்னும் இருக்கு. நம்பரும் குடுத்தான், "எதுன்னாலும் எனக்கே கூப்பிடுங்கக்கா." 64,500 ரூபா கட்டுனோம். வெளிய வந்து சோடா குடிக்கறப்ப அம்மா, "நல்ல புள்ள"ன்னாங்க.

மூணு நாள் கழிச்சு வேன் வந்துச்சு, சாயந்தரம் ஆறரை, மழைத்தூறல், மிஸ்ட்டு, எதிர்ல ஆள் தெரியல. டிரைவர் பெட்டிய எறக்குனதும் அவசரப்படுத்தறார், "குஞ்சப்பனையில யானை நிக்குதாம்க்கா, சீக்கிரம் கையெழுத்து போடுங்க, நான் எறங்கணும்." மேட்டுப்பாளையத்துக்கு எறங்கற அந்த ரோட்ட தெரிஞ்சவங்களுக்கு புரியும், யாருக்குத்தான் மனசு வரும்? போட்டேன். பெட்டி மேல மாடல் நம்பர் என்னன்னு பாக்கல. ரெண்டு நாள் கழிச்சு மாட்ட வந்த ஆளு வேலைய முடிச்சுட்டு, "இந்த அட்டப்பெட்டி உங்களுக்கு வேணுங்களா, இல்ல நான் எடுத்துக்கட்டுமா"ன்னார். எடம் அடைக்குதேன்னு குடுத்துட்டேன். அந்த அட்டப்பெட்டிக்கு பின்னாடி என்ன பாடு படப்போறேன்னு அப்ப தெரியல.

முதல் நாள்லயே அம்மா கேட்டாங்க, "அந்த தேன் மாதிரி இல்லையே?" நான்தான் நம்ம கேபிள் அப்படிம்மான்னு சமாதானம் சொன்னேன். ராத்திரி லைட்ட அணைச்சுட்டு படம் பாத்தா கருப்பு சீன்ல நாலு மூலையிலயும் வெளிச்சம் கசியுது, கருப்பு சாம்பலாத்தான் இருக்கு. அதயும் பெருசா எடுத்துக்கல.

போன வாரம் பையன் ஃப்ரெண்டோட பிஎஸ் 5 கேம் மிஷின தூக்கிட்டு வந்தான். மாட்டி, செட்டிங்ஸ்ல என்னமோ பாத்துட்டு, "அம்மா, இது 60 ஹெர்ட்ஸ் டிவி"ன்னான். ஒயர மாத்துனான், ஒவ்வொரு எச்டிஎம்ஐயா மாத்தி மாத்தி சொருகுனான். அப்பறம் டார்ச் அடிச்சு டிவி பின்னாடி ஸ்டிக்கர பாத்தா, சீரிஸ் பேரு அதேதான், கடைசி ரெண்டு எழுத்து வேற. கடையில அன்னிக்கு நான் எடுத்த போட்டோல, டிவிய எடுக்கல, அம்மாவ டிவிக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுத்தது, அதுல விலச்சீட்டு தெரியுது, பெருசாக்கி பாத்தா மாடல் எழுத்து வேற. கம்பெனி வெப்சைட்ல பாத்தோம். வீட்டுல இருக்கற மாடல் 60 ஹெர்ட்ஸ், லைட்டு பகுதி பகுதியா அணையற சமாச்சாரமே கிடையாது. காட்டுனது ஒண்ணு, அனுப்புனது அதோட தம்பி மாடல். பில்லுல என்ன போட்டிருக்குன்னு பாத்தா சீரிஸ் பேரும் 55 இன்ச்சும் மட்டும், அந்த கடைசி எழுத்து இல்ல. இது தெரியாம நடந்ததுன்னு நம்ப சொல்றீங்களா?

அதுக்கு அப்பறம் நடந்தத எழுதுனா வயிறு எரியுது. அந்த தம்பிக்கு வாட்சப்ல ஸ்டிக்கர் போட்டோ அனுப்புனேன், புளூ டிக் வந்துச்சு, சாயந்தரம் பாத்தா அவன் டிபி போட்டோவே காணோம், பிளாக். கடைக்கு போன் போட்டா அவன் வேற பிராஞ்சுக்கு போயிட்டானாம். பில்லிங்ல, "ஏழு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும் மேடம்." இன்னொருத்தர், "மாத்தித்தரலாம், ஆனா ஒரிஜினல் பாக்ஸ் வேணும்." பேனாவுல எழுதுன பேப்பர காட்டுனா, "இது எங்க ஸ்டாஃப் கையெழுத்துன்னு என்ன ப்ரூஃப்?" கடையில, கம்பெனிக்கு பேசுங்கன்னாங்க, கம்பெனி கஸ்டமர் கேர்ல, கடைக்கு பேசுங்கன்னாங்க. டெக்னீஷியன் ஒருத்தர் வந்தார், நல்ல மனுஷன், டீ குடிச்சுட்டே, "இந்த மாடல்ல 120 வராதுக்கா, யாரு சொன்னா உங்களுக்கு"ன்னார், ஆனா ரிப்போர்ட்ல டிவி நல்ல நிலையில் உள்ளதுன்னு எழுதி கையெழுத்து கேட்டார். இந்த தடவ நான் போடல. அப்படியும் புகார் தீர்க்கப்பட்டதுன்னு மெசேஜ் வருது. கடைசியா மேனேஜர், "மோஷன் ரேட் 120 மேடம், அதத்தான் பையன் சொல்லியிருப்பான்"னார். மோஷன் ரேட்டுங்கறது அவங்க அவங்க வெச்சுக்கற பேரு, பேனல் நிஜமா ஒரு செகண்டுக்கு எத்தன தடவ மாறுதுங்கறது வேற. இத எனக்கு என் பையன் சொல்லிக்குடுக்கறதுக்குள்ள 64,500 ரூபா போயிருச்சு.

இன்னொரு கொடும என்னன்னா, அம்மா பாக்கற சீரியலுக்கு 120 ஹெர்ட்ஸே வேண்டாமாம். நம்ம ஊரு சேனல்ல செகண்டுக்கு வரதே 25 ஃபிரேம்தானாம், 60 ஹெர்ட்ஸே தாராளம். ராத்திரி இருட்டுல ஓடிடி படம் பாக்கறவங்களும் கேம் ஆடறவங்களும்தான் அந்த கூடுதல் காச போடணும். எங்களுக்கு 31,500 டிவியே போதும்ங்க. இப்ப வீட்டுல இருக்கறது கிட்டத்தட்ட அதுதான், குடுத்ததுதான் 64,500.

என்ன டிவி எப்படி பாத்து வாங்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், பொறுமை இல்ல. சிலது மட்டும் சொல்லிடறேன். மாடல் நம்பர கடைசி எழுத்து வரைக்கும் பில்லுல எழுத சொல்லுங்க, மாட்டேன்னா எந்திரிச்சு வந்துடுங்க. ரெண்டு டிவியிலயும் ஒரே படத்த போட சொல்லி, ஸ்டோர் மோட ஆஃப் பண்ணிட்டு பாருங்க. "நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்" (பேனல் நிஜமா செகண்டுக்கு எத்தன தடவ மாறுதுங்கறது) எவ்வளவுன்னு அதே வார்த்தையில கேளுங்க, எச்டிஎம்ஐ 2.1னு எழுதியிருந்தாலே 4கே 120 வந்துடும்னு அர்த்தம் இல்லையாம். பெட்டி ஸ்டிக்கர போட்டோ எடுக்காம கையெழுத்து போடாதீங்க, யானை நின்னாலும் சரி. அட்டப்பெட்டிய அட்டத்துல போட்டு வைங்க, யாருக்கும் தூக்கி குடுக்காதீங்க.

1915ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் பதிஞ்சாச்சு. வாங்குன கடை எங்க இருந்தாலும் நாம குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாமாம், அது 2019 சட்டத்துல வந்ததாம், 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்குனதுக்கு ஃபீஸ் இல்லையாம்னு தெரிஞ்ச வக்கீல் சொன்னார். திங்கக்கிழம அம்மாவையும் கூட்டிட்டு கேஸ் போட ஊட்டிக்கு பஸ் ஏறறேன், அந்த பேனா எழுதுன பேப்பரும் போட்டோவும் பைல எடுத்து வெச்சாச்சு. அம்மா இப்பவும், "அந்த பையன மட்டும் ஒண்ணும் பண்ணிடாத கண்ணு"ங்கறாங்க.