ஐந்து வருட ஃபயர்வாலும் எடை மேடையிலிருந்து வந்த கேபிளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவீடு ஒன்றின் மாடியில் இருக்கும் கணக்கர் அலுவலகத்துக்கு, 2020-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த சமயத்தில் இந்தச் சின்ன ஃபயர்வாலை, அதாவது இணையத்துக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் நடுவே காவல் நிற்கும் பெட்டியை, வாங்கி மாட்டினேன். நான்கு பேரும் வீட்டிலிருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக அலுவலக சர்வருக்கு வர வேண்டியிருந்தது. பிராண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே வரும் கதையில் பாதித் தப்பு என்னுடையது.

ஐந்து வருடத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விசிறி இல்லாத பெட்டி என்பதால் சத்தம் கிடையாது. ஆனால் மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே தொட்டால் சுடும். சுவரில் செங்குத்தாக மாட்டிய பிறகு பரவாயில்லை. இடி மழையில் ஒருமுறை அடாப்டர் போனது. 12 வோல்ட் சாதாரண அடாப்டர்தான், ஈப்போவில் சுலபமாகக் கிடைத்தது. அன்றிலிருந்து யுபிஎஸ் வழியாகத்தான் மின்சாரம்.

சோதனை வந்தது பெட்டியை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றும்போது. அதுவும் ஒரு 14-ஆம் தேதி ராத்திரி. ஊழியர் சேமநிதிச் சந்தாவுக்கும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவுக்கும் 15-தான் கடைசி நாள் என்பது சம்பளக் கணக்குப் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் அன்றைக்குத்தான் கை அரித்தது.

புதிய ஃபைலைப் பதிவேற்றினேன். திரையில் 100 விழுக்காடு காட்டியது, பெட்டி ரீபூட் ஆனது, அதோடு சரி. ஆரஞ்சு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. மடிக்கணினிக்கு 169.254-இல் தொடங்கும் முகவரி கிடைத்தது. அப்படியென்றால் ஐபி கொடுக்க அந்தப் பக்கம் ஆளே இல்லை என்று அர்த்தம். இந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருந்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். நான் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளைத் தேடினேன்.

பெட்டியோடு வந்த நீல கேபிள் இருந்தது. அதன் மறுமுனை பழைய ஒன்பது ஊசி சீரியல் பிளக். இந்தக் காலத்து மடிக்கணினியில் அதற்கு ஓட்டை ஏது? இரவு ஒன்பதரைக்கு யுஎஸ்பி சீரியல் அடாப்டருக்கு எங்கே போவது என்று யோசித்தபோதுதான் செம்பனை ஆலை நினைவுக்கு வந்தது. பழக்குலை ஏற்றி வரும் லோரியை நிறுத்துப் பார்க்கும் எடை மேடை, எடையைக் கணினிக்கு அனுப்புவது சீரியல் கேபிளில்தான். அங்கே வேலை பார்க்கும் நண்பனுக்குப் போன் அடித்தேன்.

“எடுத்துட்டுப் போடா. ஆனா காலைல மொத லோரி வர்றதுக்குள்ள இங்க இருக்கணும். இல்லன்னா மேனேஜர் என் தோல உரிச்சிடுவாரு.”

மாட்டியதும் திரை முழுக்கக் குப்பை எழுத்து. அடாப்டர் கெட்டதோ என்று கால் மணி நேரம் வீணாக்கினேன். எடை மேடைக்கு வைத்திருந்த 9600 வேகம், கன்சோலைப் பார்க்க உதவும் புட்டி (PuTTY) மென்பொருளில் அப்படியே இருந்தது. 115200 என்று மாற்றியதும் பெட்டி வாயைத் திறந்தது: ‘பேட் டேட்டா சிஆர்சி’. ஃபர்ம்வேர் ஃபைல் முழுசாக இல்லை என்பதுதான் அதன் பொருள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. இணையப் போக்குவரத்து முழுவதையும் லாக், அதாவது பதிவேடு, எழுதச் சொல்லி நானே அமைத்திருந்தேன். மாதக்கணக்கில் சேர்ந்த லாக் உள் நினைவகத்தை நிரப்பிவிட்டது. புதிய ஃபைல் பாதிதான் இறங்கியது. அந்தப் பாதியையே பெட்டி பூட் பகுதியில் எழுதிவிட்டது. இடம் இருக்கிறதா, ஃபைல் முழுசா என்று பார்க்காமல் எழுதத் தொடங்குவதை நான் மன்னிக்கத் தயாரில்லை. பழி அதன் பங்குக்கு அதற்கும் உண்டு.

பெட்டியைக் கிளப்பும் சின்ன நிரலான பூட்லோடரில் இரண்டு வழி இருந்தது. காப்புப் பகுதியிலிருந்து கிளப்பலாம். ஆனால் அதில் இருப்பது 2020-இன் தொழிற்சாலைப் பதிப்பு, என்னிடம் இருந்த செட்டிங் காப்பு அதற்குப் பிந்திய பதிப்பில் எடுத்தது. பழைய பதிப்பு புதிய காப்பை ஏற்காது. ஆகவே டிஎஃப்டிபி (TFTP) என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறை வழியாக, முன்பு ஓடிய அதே பதிப்பை ஏற்ற முடிவு செய்தேன். மடிக்கணினிக்கு 192.168.1.10 என்று நிலையான முகவரி கொடுத்து, ஃபைலை டிஎஃப்டிபி சர்வரில் வைத்து, பெட்டியிடம் பெயரைச் சொன்னேன். ‘டி டி டி’ என்று வரிசையாக அடித்தது. டைம் அவுட்! மடிக்கணினியின் விண்டோஸ் ஃபயர்வால், டிஎஃப்டிபி பயன்படுத்தும் யுடிபி 69 என்ற வாயிலை மறித்துக்கொண்டிருந்தது. ஃபயர்வாலுக்கு உயிர் கொடுக்க இன்னொரு ஃபயர்வாலை அணைக்க வேண்டியிருந்தது. அதை அணைத்ததும் ஃபைல் இறங்குவதைக் காட்டும் வேலிக்குறிகள் (#) திரையில் ஊர்ந்தன. அந்த நேரத்தில் அதைவிட அழகான காட்சி வேறு கிடையாது.

பெட்டி எழுந்ததும் செட்டிங் காப்பை ஏற்றினேன். இதைக் கையால் அடிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: யூனிஃபை இணைய இணைப்பு என்றால், வெளி இணையம் வரும் (WAN) பக்கம் விலான் (VLAN) எண்ணாக 500 கொடுத்து, அதன் மேல் பிபிபிஓஇ (PPPoE) என்ற உள்நுழைவு முறையை அமைக்க வேண்டும். அந்த எண்ணை விட்டால் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வராது. முன்பு இன்னொரு கடையில் இதற்காக ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

விடிகாலை நாலரைக்கு விபிஎன் ஓடியது. ஆறு மணிக்கு அடாப்டரைத் திருப்பிக் கொடுத்தேன். எடை மேடை முன்னால் ஏற்கெனவே இரண்டு லோரி நின்றது. எட்டரைக்கு அலுவலக அக்கா போன் செய்தார். “தம்பி, இன்னிக்கு நெட் கொஞ்சம் வேகமா இருக்கே, என்னா செஞ்ச?” ரீபூட் ஆன பெட்டி கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த மாதம் 20-ஆம் தேதி வாக்கில் மறுபடியும் முயன்றேன். லாக்கைச் சேர்த்து வைக்கும் தனி சிஸ்லாக் கணினிக்குத் திருப்பினேன், பழையதை அழித்தேன், அன்றைய செட்டிங்கைக் காப்பெடுத்தேன். இறக்கிய ஃபைலின் ஷா-256 சரிபார்ப்புக் குறியீட்டைத் தயாரிப்பாளர் கொடுத்ததோடு ஒப்பிட்டேன். இடையில் உள்ள பதிப்புகளைத் தாண்டாமல் படிப்படியாக ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் ஏழெட்டு நிமிடம், ஒரு சிக்கலும் இல்லை.

இப்போது மறுபடி வாங்குவேனா? கன்சோல் ஓட்டை இருக்கும்வரை வாங்குவேன். அதே விலையில் அது இல்லாத, செயலி வழியாக மட்டும் இயங்கும் பெட்டிகளும் வருகின்றன; அவை வேண்டவே வேண்டாம். அக்காவின் அலுவலகத்தில் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு யுஎஸ்பி சீரியல் அடாப்டரை ஒட்டுநாடாவால் ஒட்டி, மேலே ‘115200’ என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.