சிறுத்தை விழிப்புணர்வு முகாம்: கலந்துகொண்டவனின் மதிப்பீடு

காட்டோர ஊர்களுக்காக ஒரு தன்னார்வ அமைப்பு வனத்துறையுடன் இணைந்து நடத்தும் அரைநாள் சிறுத்தை விழிப்புணர்வு முகாமுக்குச் சென்றிருந்தேன். நான்கு படங்களைத் திரையிட்டு, உறுதிமொழி எடுக்கவைத்து அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணித்தான் போனேன். நல்லவேளையாக அப்படி நடக்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் கூண்டைப் பற்றியே பேச்சு. ஊருக்குள் சிறுத்தை தென்பட்டால் பிடித்துத் தொலைவான காட்டில் விட வேண்டும் என்பதே எல்லோருடைய கோரிக்கை. என்னுடையதும் அதுவாகத்தான் இருந்தது. ஆனால் மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001-இல் தொடங்கி அவ்வாறு பெருமளவில் இடம் மாற்றிய பிறகு, ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்மீதான தாக்குதல்கள் 17 ஆக உயர்ந்ததை வித்யா ஆத்ரேயா குழுவினரின் ஆய்வு காட்டியிருக்கிறது. அறியாத நிலத்தில் விடப்பட்ட விலங்கு பழைய எல்லையைத் தேடி அலையக்கூடும். அது விட்டுப்போன இடத்துக்கு வேறொன்று வந்து சேரும். இதைக் கேட்ட பின் கூண்டு வேண்டும் என்று எவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து, தானியங்கி கேமரா எடுத்த ஆறு படங்களை மேசையில் பரப்பி, எத்தனை சிறுத்தைகள் என்று கேட்டார்கள். ஆறு என்றோம். எல்லாம் வலப்பக்க விலாவைக் காட்டும் படங்கள். தோலிலுள்ள பூப்போன்ற அந்த வளையங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டபோது இரண்டே விலங்குகள்தாம் மிஞ்சின. கைரேகையைப் போல இவ்வளையங்களும் விலங்குக்கு விலங்கு மாறுபடுமாம். ஊரைச் சுற்றி ஏழெட்டுச் சிறுத்தைகள் திரிவதாக நானும் நாலு பேரிடம் சொன்னவன் என்பதால் சற்றுக் கூச்சமாக இருந்தது. நாயின் தடத்தில் நகம் பதியும், சிறுத்தையின் தடத்தில் பெரும்பாலும் பதியாது என்பதையும் சாந்து வார்ப்புகளைத் தொட்டுப் பார்த்தே அறிந்தோம்.

குறைகளும் உண்டு. இழப்பீட்டுக்கு ஐந்தே நிமிடம் ஒதுக்கினார்கள். ஆட்டைப் பறிகொடுத்தவருக்கு வேறெதையும்விட அதுதானே முதலில் தெரிய வேண்டும்? சுவரொட்டியில் பல்லைக் காட்டிச் சீறும் சிறுத்தையை அச்சிட்டிருந்தது, உள்ளே சொன்ன அனைத்துக்கும் நேர்மாறாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகாம் காலை பத்து மணிக்கு நடந்தது. பட்டியில் ஆடு அடைப்பவர்கள் அந்நேரம் மேய்ச்சலில் இருந்தார்கள். அரங்கில் இருந்தவர்களில் ஆடு வைத்திருப்பவர் மூவர்தான். அடுத்த முகாமை இருட்டிய பின், ஏதேனும் ஒரு பட்டியருகிலேயே நடத்துமாறு கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.