கார் ஷெட், மோட்டார் அறை, மாட்டுக் கொட்டகை: வீட்டு எர்த்தை நீட்டுவதா, தனிக் குழி போடுவதா?

மதுரையைச் சுற்றி ஒத்தக்கடை, நாகமலைப் புதுக்கோட்டை, திருமங்கலம் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு வீடு கட்டியவர்கள், பின்புறத்தில் ஒரு கார் ஷெட்டோ மோட்டார் அறையோ எழுப்பி அங்கே மின்சாரம் இழுக்கும்போது, எர்த் விஷயத்தில் எலக்ட்ரீஷியனுக்கு எலக்ட்ரீஷியன் வேறு பதில் பெறுகிறார்கள். வீட்டுக் குழியிலிருந்து ஒரு கம்பியைக் கேபிளோடு சேர்த்துக் கொண்டுபோனால் போதும் என்பார் ஒருவர். அங்கேயே ஒரு பைப் இறக்காமல் சுவிட்சைப் போடக்கூடாது என்பார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவருமே பல நேரங்களில் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது: மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் (டிரிப் ஆகும்) ஆர்சிசிபி.

நம் பகுதியில் பெரும்பாலான வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து வருவது பேஸும் நியூட்ரலும்தான். எர்த் என்பது நாமே வீட்டுச் சுவரோரம் போட்டுக்கொண்ட குழி. எனவே மோட்டாரின் உடலில் பேஸ் பட்டால், அந்த மின்னோட்டம் நம் குழி வழியாக மண்ணில் இறங்கி, டிரான்ஸ்பார்மரின் எர்த் வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும். குழியின் தடை 20 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஓடுவது ஏறத்தாழ 11 ஆம்பியர் மட்டுமே. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் மட்டுமே விழும் 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு அசையாது. மோட்டாரின் உடல் 200 வோல்ட்டுக்கு மேலான அழுத்தத்தில் அப்படியே நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், குழியின் தடை சில நூறு ஓமாக இருந்தாலும்கூட அது உடனே டிரிப் ஆகிவிடும். ஆகவே ஆர்சிசிபி இல்லாத இடத்தில் எந்தக் குழி நல்லது என்று விவாதிப்பதில் பெரிய பயன் இல்லை. கீழே சொல்வதெல்லாம் அது இருக்கிறது என்ற அடிப்படையில்தான்.

வீட்டு எர்த்தை நீட்டுவது, வீட்டை ஒட்டியோ அதே காம்பவுண்டுக்குள் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்ளோ இருக்கும் கார் ஷெட்டுக்கு நன்றாகப் பொருந்தும். வீட்டின் இரும்புக் கதவும் ஷெட்டில் இருக்கும் பிளக்கின் எர்த்தும் ஒரே அழுத்தத்தில் இருக்கும்; பராமரிக்க வேண்டிய குழியும் ஒன்றுதான். 16 சதுர மி.மீ. வரை எர்த் வயரும் பேஸ் வயரின் அளவிலேயே இருக்க வேண்டும். 4 சதுர மி.மீ. கேபிளோடு மெல்லிய கம்பியைச் சுற்றிவிட்டுப் போவதை ஏற்கக்கூடாது. இந்த முறையின் பலவீனம், மண்வெட்டி பட்டோ எலி கடித்தோ அந்த ஒரு வயர் அறுந்தால் யாருக்கும் தெரியாது என்பதுதான். விளக்கு வழக்கம்போல் எரியும், மோட்டார் வழக்கம்போல் ஓடும்.

தோட்டத்தின் கடைசியில் இருக்கும் மோட்டார் அறைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கதை வேறு. வீட்டில் பழுது நேர்ந்து, அங்குள்ள ஆர்சிசிபி ஏதோ காரணத்தால் வேலை செய்யாமல் போனால், வீட்டு எர்த்தில் ஏறும் அழுத்தம் நீட்டிய கம்பி வழியாக மோட்டாரின் உடலுக்கும் வந்துவிடும். அதைத் தொடுபவர் வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கிறார். அவருடைய கால் படும் மண்ணின் அழுத்தம் வேறு, கை படும் இரும்பின் அழுத்தம் வேறு. மாடு இன்னும் மோசம்: முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், உடலின் தடை குறைவு, மனிதர் தாங்கும் அழுத்தமே அதன் உயிரைப் பறிக்கக்கூடும். இங்கெல்லாம் அந்த இடத்திலேயே குழியும், அந்த இடத்திலேயே தனி ஆர்சிசிபியும் வேண்டும் என்பதே என் கருத்து. கொட்டகையில் கசிவு நேர்ந்தால் வீடு முழுவதும் இருட்டாகாது என்பது கூடுதல் வசதி. வீட்டு முனையில் அந்தக் கேபிளுக்கு, சற்றுத் தாமதித்து டிரிப் ஆகும் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியை வைத்தால், எது முதலில் விழ வேண்டுமோ அது முதலில் விழும்.

தனிக் குழியிலும் ஒரு கண்ணி உண்டு. மோட்டாரிலிருந்து வீட்டு மாடித் தொட்டிக்கு இரும்புப் பைப் ஓடினால், அந்தப் பைப் இரண்டு எர்த்தையும் அரைகுறையாக இணைத்துவிடும். வீட்டுப் பிளக்கிலிருந்து நீட்டு வயரைக் கொட்டகைக்கு இழுத்து டிரில் ஓட்டினாலும் அதே நிலைதான். இரண்டு வெவ்வேறு எர்த்தை ஒருவரே ஒரே நேரத்தில் தொட வாய்ப்பிருந்தால், முறையான அளவுள்ள கம்பியால் இரண்டு குழிகளையும் இணைத்துவிடுவதே நல்லது. செலவு கூடினாலும் மூன்றாவது வழியான இதைத்தான், பைப் ஓடும் வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பேன். பிவிசி பைப் என்றால் தனிக் குழியைத் தனியாகவே விடலாம். எந்த வழியானாலும், நியூட்ரல் அறுந்த அவசரத்தில் எர்த் கம்பியையே நியூட்ரலாக மாட்டி மோட்டாரை ஓட்டும் வேலையை மட்டும் அனுமதிக்கக்கூடாது.

குழியின் தரம் மண்ணைப் பொறுத்தது. 40 மி.மீ. விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜிஐ பைப்பின் தடை, மண்ணின் தடைத்திறனில் (மண் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு, ஓம்-மீட்டரில்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரும். ஈரக் களிமண் 10 ஓம்-மீட்டர் என்றால் மூன்று நான்கு ஓம்; வறண்ட செம்மண் 300 என்றால் நூறு ஓமைத் தாண்டும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசலில் ஒரு பைப் தாராளம். ஆனால் கோடையில் கரிசல் வெடிக்கும்போது பைப்பைச் சுற்றி இடைவெளி விழுவதைக் கவனிக்க வேண்டும். சோழவந்தான் பக்கம் ஆற்று வண்டலில் சிக்கல் குறைவு. மேலூர் பக்கம் நாலடியில் பாறை தட்டும் இடத்தில், ஆழத்தைப் பிடிவாதமாகத் தேடுவதைவிட, குறைந்தது பைப்பின் நீளத்தளவு இடைவெளி விட்டு இரண்டு மூன்று பைப்புகளை இறக்கி இணைப்பது பலன் தரும்.

உப்பும் கரியும் போட்ட பழைய குழியா, கெமிக்கல் எர்த்தா என்ற கேள்விக்கும் மண்ணே விடை. உப்பு தடையைக் குறைக்கும். அதே உப்பு மழையில் கரைந்து ஓடும், ஜிஐ பைப்பையும் அரிக்கும். கோடையில் புனல் வழியே தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் வீட்டில், கரிசலிலும் வண்டலிலும் அதுவே போதும். பாறை கலந்த வறண்ட நிலத்திலும், ஆள் அடிக்கடி போகாத தோப்பிலும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் கலவையோடு கூடிய கெமிக்கல் எர்த்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் அல்ல.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது அவசியம். ஆனால் எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும் என்பதால், அது குழியைப் பற்றி எதுவும் சொல்லாது. குழியை எர்த் டெஸ்டரால் தனியே அளக்க வேண்டும், அதுவும் ஐப்பசி மழைக்குப் பின் அல்ல, மண் காய்ந்து கிடக்கும் மே மாதத்தில்.