கோட்டிக்யூல் கல்: எண் போடாத கல்லோடு சில வருடங்கள்

"ரேஸர் தீட்ட இயற்கைக் கல் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், கோட்டிக்யூல் எப்படிண்ணே?" என்று தம்பி ஒருவர் கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 150க்கு 40 மில்லிமீட்டர் கல். சில வருடங்களாக என் சவரக்கத்திகளுக்குக் கடைசித் தீட்டு அதில்தான்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்லுக்கு எண் கிடையாது, அதாவது எவ்வளவு நைசான கல் என்று காட்டும் கிரிட் எண். செயற்கைக் கல் என்றால் 1000, 5000, 12000 என்று படிப்படியாக ஏறிப் போகலாம். கோட்டிக்யூலையும் "8000 கிரிட்" என்று சொல்லி விற்கிறார்கள். கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில், வீல்சால்ம் வட்டாரத்தில் எடுக்கிற கல் இது. இரும்பை வெட்டுவது இதற்குள் இருக்கும் கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் பொடி மணிகள். பெரும்பாலும் 5 முதல் 15 மைக்ரான் வரை இருக்கும். அந்த அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சவரத்துக்கே லாயக்கில்லாத முரட்டுக் கல் என்றுதான் தோன்றும். ஆனால் மணிகள் மெத்தென்ற அபிரகத்தில் (மைக்கா) புதைந்து கிடக்கின்றன. கூரிய முனைகளும் இல்லை, கிட்டத்தட்ட உருண்டை வடிவம். மேலே தலைகாட்டுவது கொஞ்சம்தான், அதனால் கீறல் ஆழமாக விழாது. இதற்கு எந்த எண்ணைப் போடுவது?

கூடவே வரும் சின்னக் கல்லைத் தண்ணீர் விட்டு மேலே தேய்த்தால் ஸ்லரி, அதாவது கல்பொடி கரைந்த குழம்பு வரும். நீர்மோர் பதத்தில் இருக்கும்போது மணிகள் கட்டவிழ்ந்து உருண்டு, இரும்பை வேகமாகத் தின்னும். கொஞ்ச நேரத்தில் ஸ்லரி சாம்பல் நிறமாகக் கறுத்துவிடும். வெறும் தண்ணீரில் அதே கல் வெட்டுகிறதா என்றே சந்தேகம் வரும், ஆனால் கத்தியின் வாயை அப்படி மெருகேற்றும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து ஸ்லரியை நீர்க்க வைக்க வேண்டும். டைலுகாட் என்பார்கள்.

உயிரை வாங்குவது இந்த இடம்தான். ஸ்லரி கெட்டியாக இருக்கும்வரை, மிதக்கிற மணிகளில் கத்தியின் வாய் மோதி மோதி மழுங்கும். எவ்வளவு இழுத்தாலும் ஓர் அளவுக்கு மேல் கூர் ஏறாது. அவசரப்பட்டு நீர்க்க வைத்தால் அடிப்படை வேலை பாக்கி நிற்கும், வெறும் தண்ணீரால் அதை முடிக்க முடியாது. மறுபடி முதலிலிருந்து ஸ்லரி. எந்தச் சொட்டில் போதும் என்பது கல்லுக்குக் கல் மாறும். கல் வெட்டி எடுக்கும் பாறை அடுக்கைப் படுகை என்பார்கள்; லா வெய்னெட், லா க்ரோஸ் பிளான்ஷ் என்று படுகைக்குப் படுகை பெயர் உண்டு. என்னிடம் விற்றவர் "இந்தப் படுகைக் கல் வேகமா வெட்டும்" என்று அடித்துச் சொன்னார். வந்தது பரம நிதானம். ஒரே படுகையிலேயே கல்லுக்குக் கல் குணம் வேறு என்பது விற்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

சரி, பிறகு ஏன் வைத்திருக்கிறேன்? தாடைக்குக் கீழே, முடி எதிர்ப்பக்கமாகச் சுழிந்து வளரும் இடத்தில் இந்தக் கல்லில் தீட்டின கத்தியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 12000 கல்லில் முடித்த கத்தி, முடி தொட்டதும் வெட்டும். கூர்மையில் அதுதான் ஒரு படி மேல். ஆனால் சவரம் முடிந்து படிகாரம் தேய்த்தால் கழுத்தெல்லாம் காந்தும். கோட்டிக்யூலில் முடித்த கத்தியால் சவரம் செய்துவிட்டுப் படிகாரம் தேய்த்தால் குளிர்ச்சி மட்டும்தான் தெரிகிறது. மூக்கின் கீழே எதிர்ச்சவரம் செய்யக்கூடப் பயமில்லை. என் தோலுக்கு இதைவிட இதமான வாய் வேறெந்தக் கல்லிலும் கிடைத்ததில்லை.

மற்ற கற்களா? கியோட்டோவின் நகயாமா சுரங்கம் மூடியாயிற்று. பழைய கல்லுக்குச் சொல்வதுதான் விலை, முத்திரையை நம்ப முடியாது. ஜெர்மனியின் எஷர் கல் பழைய சரக்காகத்தான் கிடைக்கும். அர்க்கன்சா கல் நல்ல கல், ஆனால் இதைவிட நிதானம்.

தம்பிக்கு என் பதில்: வாங்காதே. 1000, 5000, 12000 மூன்றும் செயற்கையில் வாங்கு, முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய இழுக்கப் பழகு, தோல்வாரில் தீட்டு, நிம்மதியாகச் சவரம் செய். நேற்று ராத்திரி ஒரே கத்திக்காக மூன்றாம் முறையாக ஸ்லரி எழுப்பிய கடுப்பில்தான் சொல்கிறேன், இருந்தாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

என் கல்லைக் கேட்காதே, தர மாட்டேன். என் பேச்சை மீறி ஒன்று வாங்கத்தான் போகிறாய் என்றால், செவ்வகக் கல்லுக்குக் காசைக் கொட்டாதே. கோணல்மாணலாக வெட்டின துண்டு விலை குறைவு, வேலை அதேதான். 'செலக்ட்' என்ற தரம் பார்வைக்கு மட்டும். 1000 கல்லில் வாயின் இரண்டு பக்கச் சரிவும் சரியாக ஒன்று சேராத கத்தியை இதில் வைக்கவே வைக்காதே.