டிஃபரன்ஷியல் கழுவ டீசலா, வெந்நீரா?

என் பிக்கப் வண்டியின் டிஃபரன்ஷியலை, அதாவது பின் அச்சின் நடுவில் இருக்கும் பற்சக்கரப் பெட்டியை, ஒரே ஆண்டில் இரண்டு முறை கழற்ற வேண்டியதாயிற்று. முதல் முறை டீசலில் கழுவினோம். இரண்டாம் முறை வெந்நீரில், எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசர் கலந்து கழுவினோம். வண்டியும் அதேதான், காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டகையும் அதேதான், கை கொடுத்த மெக்கானிக் அண்ணனும் அவரேதான். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது. என் மனம் வெந்நீர்ப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பேரிங்குகளை மட்டும் இன்றும் டீசலில்தான் கழுவுகிறேன்.

எங்கள் பக்கத்து அழுக்கே தனி வகை. மாங்காய்ப் பருவத்தில் தோட்டத்து மண் வழிகளில் செம்மண் ஏறுகிறது. மற்ற மாதங்களில் கிரானைட் பட்டறைகளுக்குச் சுமை எடுத்துப் போகும்போது கல் தூள் படிகிறது. எங்கேயாவது ஒரு இணைப்பில் கியர் ஆயில் கசிந்தால் போதும், இவை இரண்டும் அதில் ஒட்டி ஒரு விரல் கனத்துக்குக் கருங்களியாக இறுகிவிடும். கிரானைட் தூள் கலந்த எண்ணெய், வால்வு தேய்க்கும் பேஸ்டுக்குச் சமம். அது ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் பற்சக்கரத்தையும் பேரிங்கையும் தேய்த்துவிடும். அழகுக்காகக் கழுவுவது வேறு, இது வேறு.

பெட்ரோலை யாரும் தொட வேண்டாம். அதன் ஆவி நம் ஊரின் எந்தக் குளிரிலும் தீப்பற்றும். தரையோடு பரவிப் போய்த் தூரத்தில் இருக்கும் அடுப்பையோ ஒரு சுவிட்சின் பொறியையோ தேடிப் பிடிக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் அதில் இருக்கிறது. காஸ்டிக் சோடாவும் கூடாது. அது தாவர எண்ணெயையும் கொழுப்பையும் சோப்பாக மாற்றும். கியர் ஆயில் கனிம எண்ணெய், அது சோப்பாக மாறாது. அதோடு காஸ்டிக் சோடா அலுமினியக் கியர் பாக்ஸ் கூட்டை அரித்துவிடும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீர் அடிப்பது வெளி அழுக்குக்கு உதவும். ஆயில் சீல் உதட்டிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மடங்கு மூட்டான கிராஸிலும் நேராக அடித்தால் தண்ணீர் உள்ளே ஏறிக் கிரீஸை வெளியே தள்ளிவிடும். அடித்தே ஆக வேண்டுமென்றால், முடிந்ததும் புதுக் கிரீஸ் வெளியே எட்டிப்பார்க்கும் வரை கிரீஸ் கன்னால் அடைக்க வேண்டும்.

மிஞ்சுவது டீசலும் வெந்நீர் டிகிரீசரும்.

டீசலின் பெருமையை அண்ணன் ஒரே வரியில் சொன்னார்: “டீசலில் கழுவிய இரும்பு துருப்பிடிக்காது தம்பி.” சில நாட்களுக்கு அது உண்மைதான். கழுவிய பிறகும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இரும்பின் மேல் தங்கிவிடுகிறது. பழைய கிரீஸ் அதில் கேள்வி இல்லாமல் கரைகிறது. சூடு பண்ண வேண்டாம், காய வைக்க வேண்டாம். அழுக்கு டீசலை ஒரு கேனில் ஊற்றி வைத்தால் மண் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை முதல் அலசலுக்குத் திரும்பவும் பயன்படுத்தலாம். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் பொருளுக்கு அது பெரிய உதவி. மண்ணெண்ணெயும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். ஆனால் ரேஷன் கடை நீல மண்ணெண்ணெய் அடுப்புக்கும் விளக்குக்கும் கொடுப்பது; அதைப் பட்டறைக்குக் கொண்டுவருவதை நான் ஏற்கவில்லை.

டீசலை நான் கைவிட்டதற்குக் காரணம் அந்தப் படலமேதான்.

டிஃபரன்ஷியல் ஏன் அழுக்காகிறது? கசிவதால். கழற்றுவதன் நோக்கமே கசிவை நிறுத்துவதுதான். எங்கள் வண்டியில் டிஃபரன்ஷியலின் வெளிக்கூட்டுக்கும் பற்சக்கரங்களைத் தாங்கும் கேரியருக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் காகித கேஸ்கெட் கிடையாது, சிலிக்கோன் பேஸ்ட் மட்டும்தான். அந்தப் பேஸ்ட் எண்ணெய்ப் பிசுக்கில்லாத, காய்ந்த உலோகத்தில்தான் பிடிக்கும். முதல் முறை டீசலில் கழுவி, பனியன் வேஸ்டால் நன்றாகத் துடைத்து, பேஸ்ட் போட்டுப் பூட்டினோம். கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. இருபது நாள் கழித்து இணைப்பின் கீழ் விளிம்பில் ஈரம் தெரிந்தது. ஒரு மாதத்தில் கல் தூள் அதில் ஒட்டத் தொடங்கிவிட்டது. செலவும் உழைப்பும் ஒரு வாரச் சவாரியும் போனதுதான் மிச்சம்.

பேஸ்ட் போடும் முகத்தை மட்டும் கடைசியாகத் தின்னரால் துடைத்தால் போதாதா என்று கேட்கலாம். அண்ணனும் அதைத்தான் கேட்டார். முகத்துக்குப் போதும். ஆனால் போல்ட் துளைகள் இருக்கின்றன. மரைகளுக்குள்ளும் மூடிய துளைகளின் அடியிலும் டீசல் ஒளிந்துகொள்கிறது. போல்ட்டை முறுக்கும்போது அது பிதுங்கி, இன்னும் இறுகாத பேஸ்டுக்கு அடியில் ஓடுகிறது. வார்ப்பு இரும்பின் சொரசொரப்பும் கொஞ்சம் குடித்து வைத்திருக்கும். போல்ட் தளராமல் இருக்க மரையில் போடும் லாக் திரவமும் எண்ணெய் ஈரத்தில் சரியாகப் பிடிக்காது. வெந்நீரும் டிகிரீசரும் இந்த இண்டு இடுக்குகளில் புகுந்து எண்ணெயைத் துளித்துளியாகப் பிரித்துத் தண்ணீரோடு வெளியே கொண்டுவருகின்றன. அதன்பின் காற்றடித்தால் துளைக்குள் எண்ணெய் இல்லை, தண்ணீரும் இல்லை. டிகிரீசரில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். வேகம், விலை எல்லாம் எனக்குப் பிறகுதான்.

இன்னொரு பயனும் உண்டு. பிசுக்கில்லாமல் காய்ந்த கூட்டில் கசிவு மீண்டும் வந்தால், எந்த இடத்திலிருந்து வருகிறது என்று முதல் நாளே தெரியும். டீசல் பூசிய கூடு முழுவதும் மினுமினுப்பதால் புது ஈரத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது.

செய்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் உலர்ந்த நிலையிலேயே பட்டி பிளேடால் சுரண்டினோம். அழுக்கில் பாதி இப்படியே போய்விட்டது. இதைச் செய்யாமல் எந்தத் திரவத்தை ஊற்றினாலும் வீண். பேஸ்ட் படியும் முகங்களில் இரும்புத் தகடு கூடாது, மரத்துண்டால் சுரண்ட வேண்டும்; ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவு. அச்சு முனைகளைத் துணியாலும் பாலிதீனாலும் அடைத்தோம். கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத தண்ணீரில், கேனில் எழுதியிருந்த அளவுக்கு டிகிரீசர் கலந்து பிரஷ்ஷால் பூசினோம். பத்து நிமிடம் ஊற விட்டோம். காய விடவில்லை, நடுநடுவே நனைத்துக்கொண்டே இருந்தோம். பிறகு நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஒரு முறை பூசித் தேய்த்தோம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சூடான காரக் கரைசல் கண்ணில் தெறித்தால் விளையாட்டு இல்லை.

அலசுவதில்தான் எங்கள் ஊர்த் தண்ணீர் குறுக்கே வருகிறது. போர்வெல் தண்ணீர் கடினமானது. காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும். நான் கடைசி அலசலுக்கு மழைநீர்த் தொட்டித் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினேன். சுடுநீரில் அலசினால் இரும்பே சூடேறி, ஈரம் சீக்கிரம் பறந்துவிடுகிறது. உடனே காற்றடித்தோம், சித்திரை வெயிலில் வைத்தோம். அப்படியும் கடைந்த முகம் ஒன்றில் ஒரு டீ குடித்து வருவதற்குள் செம்பழுப்பு ஓடிவிட்டது. மெல்லிய துருதான், துடைத்ததும் போனது. ஆனாலும் டீசலில் இந்தக் கவலையே இல்லை. உதவிக்கு ஆள் இல்லாமல், காற்றடிக்கும் கம்ப்ரசர் இல்லாமல் இந்த முறையில் இறங்கச் சொல்ல மாட்டேன். உள்பக்கத்துக்கு அன்றைக்கே மெல்லிய எண்ணெய் பூசிவிட வேண்டும், பேஸ்ட் முகத்தைத் தொடாமல்.

பேரிங்குக்கு டீசல் என்று சொன்னதும் இதனால்தான். உருளைகளுக்கு நடுவே புகுந்த தண்ணீரை முழுவதும் வெளியேற்றிவிட்டோம் என்று நம்ப முடியாது. அழுக்கு டீசலில் ஒரு முறை, சுத்த டீசலில் ஒரு முறை அலசி, கியர் ஆயிலில் தோய்த்து எடுத்து வைக்கிறேன். காற்றடித்துப் பேரிங்கைச் சுழல விடும் பழக்கம் ஆபத்தானது. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் கெட்டுப்போகும், சிதறியும் போகலாம். அச்சுக்குப் பக்கத்திலேயே பிரேக் இருப்பதால் இன்னொன்று: வீல் சிலிண்டர் ரப்பரில் டீசல் படவே கூடாது. ரப்பர் ஊதிவிடும், பிரேக் பிடித்துக்கொள்ளும்.

செலவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒரு முறைக்கு ஐந்து லிட்டர் டீசல் பிடித்தது. டிகிரீசர் கேன் விலை கூடுதல், ஆனால் தண்ணீரில் கலப்பதால் பல முறைக்கு வருகிறது. நேரம் மட்டும் வெந்நீர் முறையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டாம் முறை பூட்டி ஒரு மாங்காய்ப் பருவம் முழுவதும் ஓடிவிட்டது. இணைப்பு காய்ந்தே இருக்கிறது. ஆனால் எல்லாப் புகழையும் டிகிரீசருக்கே கொடுத்தால் அது நேர்மையாகாது. அந்த முறைதான் கூட்டின் மேலிருக்கும் காற்றுப்போக்கியான பிரீதரையும் பார்த்தோம். செம்மண் அடைத்துக் கிடந்தது. பிரீதர் அடைத்தால் ஓட்டச் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு இளகியிருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். பேஸ்ட் இறுக ஒரு நாள் முழுவதும் விட்டதும் அந்த முறைதான். கசிவு நின்றதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு வண்டி அனுபவம்தான் இருக்கிறது. அலுமினியக் கூட்டில் நான் இன்னும் செய்யவில்லை. செய்கிறவர்கள் கேனில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சில டிகிரீசர்களிலும் காஸ்டிக் இருக்கிறது.

கழிவைப் பற்றி அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதமே நடந்தது. சோப்புத் தண்ணீர்தானே, ஓரமாக ஊற்றலாம் என்றார். அதில் இருப்பதும் அதே கியர் ஆயில்தான். நுரைக்குள் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் ஒகேனக்கல்லிலிருந்து குடிநீர் வரவழைத்த மாவட்டங்கள் தருமபுரியும் எங்கள் கிருஷ்ணகிரியும்; அந்த நீரில் எண்ணெயையும் சேர்க்க எனக்கு மனமில்லை. கொட்டகையிலிருந்து எங்கள் போர்வெல் முப்பது அடி. தண்ணீரைப் பழைய டிரம்மில் ஒரு வாரம் நிற்க விட்டேன். மேலே மிதந்த எண்ணெயை வழித்து, பழைய ஆயில் எடுப்பவரின் கேனில் சேர்த்தேன். அடியில் படிந்த கருஞ்சேற்றை மரத்தூளில் பிசைந்து கட்டி வைத்திருக்கிறேன். நடுவே நிற்கும் சாம்பல் நிறத் தண்ணீர் இன்னும் தெளியவில்லை. அந்த டிரம் மூடியபடி கொட்டகையில்தான் இருக்கிறது.