கடைசிக் குழாய்க்கு எது நல்லது: பிளீச்சிங் பவுடரா, குளோரினேட்டரா, ஆர்.ஓ.வா?

ஒரு போர்வெல் அல்லது கிணறு, ஒரு மோட்டார், ஒரு மேல்நிலைத் தொட்டி, அதை நம்பி இருநூறு முந்நூறு வீடுகள். குமரி மாவட்டத்தில் பல ஊராட்சிகளில் குடிநீர் விநியோகம் இந்த அளவில்தான் நடக்கிறது. கிருமி இல்லாத தண்ணீர் கொடுக்க என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தால் மூன்று யோசனைகள் வரும்: வழக்கம்போல பிளீச்சிங் பவுடர் போடலாம், குளோரினேட்டர் மாட்டலாம், தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. பிளான்ட் வைக்கலாம்.

மூன்றையும் நான் ஒரே கேள்வியில் நிறுத்திப் பார்க்கிறேன். தொட்டிக்கு மிகத் தூரத்தில் இருக்கும் குழாயில் பிடிக்கிற தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா? குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் கேட்கிறது. 100 மில்லி தண்ணீரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்றும் சொல்கிறது. தொட்டியில் தண்ணீர் சுத்தமாக இருந்து, வழியில் சாக்கடையோரம் விரிசல் விட்ட குழாயில் அழுக்கு புகுந்தால், அந்த மிச்சக் குளோரின்தான் காவல்.

முதலில் பிளீச்சிங் பவுடர். விலை குறைவு, கரண்ட் வேண்டாம், எல்லா ஊராட்சிக்கும் பழக்கமானது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரமாவது விட்டுத் திறக்க வேண்டும். புதுப் பவுடரில் 33 சதவீதம் அளவுக்குக் குளோரின் கிடைக்கும். அப்படியானால் லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் சேரும். அழுக்கும் இரும்பும் தின்றது போகக் கடைசிக் குழாய்க்கு மிஞ்ச வாய்ப்பு உண்டு.

சிக்கல் மூட்டையைத் திறந்த நாளிலிருந்து தொடங்குகிறது. ஈரமும் வெக்கையும் பட்டால் பவுடரின் வீரியம் போய்விடும். நமக்கோ ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. பம்ப் அறை மூலையில் கட்டிதட்டிக் கிடக்கும் பவுடர் 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், அதே 120 கிராம் 0.6 மில்லிகிராம்தான் தரும். ஆபரேட்டர் சொன்ன அளவைப் போட்டிருப்பார், நோட்டிலும் எழுதியிருப்பார். கடைசிக் குழாயில் மட்டும் ஒன்றும் இருக்காது. அப்புறம், காலையில் ஒருமுறை மருந்து போட்டுவிட்டு மாலையில் தொட்டியை மறுபடி நிரப்பினால், இரண்டாவது தண்ணீருக்கு மருந்தே இல்லை. தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் "வெள்ளத்துல (தண்ணீரில்) பிளீச்சிங் நாத்தம் அடிக்குது" என்று சண்டை போடுவார். அந்தச் சண்டைக்குப் பயந்து அளவைக் குறைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது, ஏனென்றால் அடிபடுவது தூரத்து வீட்டுக் குழந்தைகள்.

மறுபடி நிரப்பும் தண்ணீருக்கு மருந்து இல்லை என்ற குறையைக் குளோரினேட்டர் நேராகத் தீர்க்கிறது. தொட்டிக்கு ஏறும் குழாயில், மோட்டார் ஓடும்போதெல்லாம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும் சின்ன பம்ப் அது. எத்தனை முறை நிரப்பினாலும் ஒரே அளவு, சீரான கலப்பு. ஆபரேட்டர் தினமும் வாளியோடு ஏணி ஏற வேண்டாம். ஆனால் இதுவும் கவனிப்பு கேட்கும். மருந்து உள்ளே போகும் முனையில் உப்புப் படிந்து அடைக்கும், காற்று புகுந்தால் பம்ப் சும்மா துடிக்கும், கேன் காலியானாலும் மோட்டார் தன் பாட்டுக்குத் தண்ணீர் ஏற்றும். கரைசலும் வெயிலில் வீரியம் இழக்கும், அதனால் நிழலில் வைத்து, குறைவாக வாங்கி, சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

ஆர்.ஓ. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடலோரக் கிராமங்களில் உப்பு ஏறிய நிலத்தடி நீருக்கு அது தேவைதான். மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை என்கிறது தரம். உப்பைக் குளோரின் தொடாது. ஆனால் ஆர்.ஓ. நீரில் மிச்சக் குளோரின் கிடையாது, கழுவாத கேனில் பிடித்தால் கிருமி திரும்ப வந்துவிடும். கழிவு நீர் வேறு நிறைய போகும். பாத்திரம் கழுவவும் பல் துலக்கவும் வீடுகள் குழாயைத்தான் திறக்கின்றன, ஆகவே தொட்டிக் குளோரினுக்கு இது மாற்றாகாது.

என் தீர்ப்பு இது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிரப்பும் தொட்டிக்குக் குளோரினேட்டர், கூடவே பழுதான நாளுக்கென்று மூடிய டப்பாவில் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். மருந்து வாங்கவும் முனையைக் கழுவவும் ஆள் பொறுப்பேற்காத ஊரில் குளோரினேட்டர் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பவுடர் போடுவதே மேல்.

மழைக்காலத்தில் ஆற்று நீர் கலங்கி வரும் கூட்டுக் குடிநீர்த் திட்ட ஊர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கலங்கல் 5 என்.டி.யு.வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டினால் எந்த முறையும் சரியாக வேலை செய்யாது, முதலில் வடிகட்டல் சரியாக வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் சரிபார்ப்பது சுலபம். குளோரின் அளவை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் பெட்டியில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், டி.பி.டி. என்ற சோதனை மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர வழி உண்டு. கிருமியைப் பார்க்க எச்.டூ.எஸ். என்ற சோதனைக் குப்பி, அதில் ஊற்றிய தண்ணீர் கறுத்தால் ஆபத்து. ஆண்டுக்கு ஒருமுறை ரசாயனப் பரிசோதனையும், மழைக்கு முன்னும் பின்னும் கிருமிப் பரிசோதனையும் ஆய்வகத்தில் செய்ய வேண்டும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையொட்டிக் கிராம சபை கூடும். அங்கே மூன்று விஷயம் கேளுங்கள்: கடைசிக் குழாயின் குளோரின் அளவை எழுதும் நோட்டு எங்கே, பவுடரோ கரைசலோ கடைசியாக வாங்கிய தேதி என்ன, ஆபரேட்டர் லீவு போட்டால் மருந்து போடுவது யார்.